தற்காலிகத் தகுதியின்மை

1

2021 டிசம்பர் கடைசியில் பாரத ஸ்டேட் வங்கி, வேலைக்குச் சேருகிறவர்களின் உடல் தகுதி பற்றி ஒரு சுற்றறிக்கை விட்டது. மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்’ என்று கருதப்படுவார். பிரசவமான நாலு மாதத்துக்குள் வந்து சேர்ந்துகொள்ள அவர் அனுமதிக்கப்படலாம். இதே வங்கி 2009இலேயே, மருத்துவச் சான்று இருந்தால் ஆறு மாதக் கர்ப்பம் வரை வேலையில் சேரலாம் என்று விதியைத் தளர்த்தியிருந்தது. செய்தி வெளியே வந்ததும் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் கண்டித்தன. டில்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 2022 ஜனவரி 29 அன்று, பொதுமக்களின் உணர்வைக் கருதிப் புதிய விதியை நிறுத்திவைப்பதாக வங்கி அறிவித்தது.

கவனிக்க வேண்டியது, ‘பொதுமக்களின் உணர்வைக் கருதி’ என்பது. விதி தவறு என்று சொல்லப்படவில்லை. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் நிறுத்திவைக்கிறோம் என்றுதான் சொல்லப்பட்டது. சர்ச்சை ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது. என்னுடைய பேச்சு சர்ச்சையைப் பற்றி அல்ல, அந்தச் சொற்றொடரைப் பற்றி.

வங்கித் தொழிலில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை அதில் போட்டு வைப்போம். தொகையில் குறை ஒன்றுமில்லை. நம்மிடம் அதற்கான தலைப்பு இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் நிலுவையில் நிற்பது தொகைதான், தலைப்பு அல்ல. ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்’ என்பதும் இப்படியொரு பதிவு. எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்தில் தேறி, நியமனத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணை எங்கே வைப்பது என்று ஸ்தாபனத்துக்குத் தெரியவில்லை. தன்னிடம் இடமில்லை என்று சொல்வதற்குப் பதில், அவளிடம் தகுதியில்லை என்று எழுதுகிறது.

இதை எழுதியவர் பெண்களை வெறுப்பவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் மகள் இருக்கலாம். ‘கர்ப்பிணி அலைய வேண்டாமே’ என்ற கரிசனம்கூட அவருக்கு இருந்திருக்கலாம். ஆகவே கேள்வி இது: யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாத இடத்தில் அநீதி இருக்க முடியுமா? இருக்குமானால், அது எங்கே இருக்கிறது?

2

காரியாலய மொழியில் எழுவாய் கிடையாது. ‘கருதப்படுவார்’, ‘அனுமதிக்கப்படலாம்’, ‘பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது’. யார் கருதுகிறார், யார் நிராகரித்தார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கோபமும் விருப்பமும் இல்லாமல் விதிப்படி நடப்பதே அதிகாரவர்க்கத்தின் லட்சணம் என்று மாக்ஸ் வேபர் சொன்னார். அதை ஒரு சாதனையாகவே சொன்னார். ஜமீன்தாரின் தயவுக்குக் காத்திருப்பதைவிட விதியின் முன்னால் நிற்பது மேல் என்பது உண்மைதான். ஹன்னா ஆரெண்ட் அதன் மறுபக்கத்தைப் பார்த்தார். அவர் அதை யாருமற்றவரின் ஆட்சி என்றார். கொடுங்கோலனாவது ஒரு ஆள். அவனை எதிர்த்து நிற்கலாம். யாருமற்றவரை எதிர்த்து எப்படி நிற்பது?

இந்த யாருமற்றவரின் இருப்பிடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1896இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ரௌண்ட்ரீ சாக்லேட் தொழிற்சாலை, தன்னிடம் வேலை செய்த இளம்பெண்களின் நலனைக் கவனிக்க ஒரு பெண்ணை நியமித்தது. இப்படிப்பட்ட நல ஊழியர்கள் 1913இல் அதே நகரில் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பிரிட்டனில் இன்று மனிதவள நிர்வாகிகளுக்கு இருக்கும் பெரிய தொழில்முறை அமைப்பு அதன் வாரிசு. இந்தியாவில் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அதிகாரி வேண்டும் என்றது. ஆக, இந்தத் துறையின் வேர் பெண் தொழிலாளர்களின் நலனில் இருக்கிறது. கரிசனத்தின் குரல் அதற்குப் பிறவியிலேயே வந்தது.

நல அதிகாரி பிறகு பர்சனல் டிபார்ட்மெண்ட் ஆனார். அது மனிதவளத் துறை ஆயிற்று. மனிதனை ஒரு வளமாகப் பேசும் வழக்கத்தை நிர்வாக எழுத்தில் நிலைநாட்டியவர்களில் பீட்டர் டிரக்கர் முக்கியமானவர். அவருடைய புத்தகம் 1954இல் வந்தது. மற்ற வளங்களைப் போல் அல்ல மனிதன் என்று சொல்லத்தான் அவர் முயன்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சொல் தன் வழியில் போய்விட்டது. தமிழில் அது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. நீர்வளம், மண்வளம், கனிவளம், மனிதவளம். வளம் என்றால் எடுக்கத்தக்கது. தானாக எடுக்க வராத நாட்களில் வளத்துக்கு மதிப்பு என்ன? தமிழில் வளமை என்ற சொல்லுக்குள் கருவுறுதலும் விளைச்சலும் இருக்கின்றன. மனிதவளத் துறையின் ஏட்டிலோ கருவுறுதல் நஷ்டப் பக்கத்தில் வருகிறது.

இந்தத் துறையின் ஸ்தானமே இரட்டையானது. ஊழியர் தன் குறையை இங்கேதான் கொண்டுவர வேண்டும். ஸ்தாபனம் தன்னைக் காத்துக்கொள்ள நியமித்திருக்கும் காவல்காரரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும், தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர் - எல்லாம் சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் குழுவை அமைக்கும் உத்தரவில் கையெழுத்திடுவது முதலாளி. குழு உறுப்பினரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அதில் உட்காரும் மனிதர்கள் நேர்மையற்றவர்கள் என்று சொல்லவில்லை. பலர் நேர்மையானவர்களாகவே இருப்பார்கள். நேர்மையாக இருக்க ஒவ்வொரு முறையும் தனியாகத் துணிச்சல் தேவைப்படுகிற இடத்தில் அவர்கள் வைக்கப்பட்டிருக்கிறார்கள். துணிச்சலைச் சாதாரணத் தேவையாக்குகிற ஏற்பாட்டை நல்ல ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

3

யாருமற்றவர் பாரபட்சம் காட்டும் முறை, பிரிப்பது. சமமானவர்களைச் சமமாக நடத்து என்று அரிஸ்டாட்டில் சொன்னது எல்லாருக்கும் சம்மதம். யார் சமமானவர் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டால் அந்த வாக்கியம் எதையும் தடுக்காது.

1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு கலிபோர்னியாவின் உடலியலாமைக் காப்புத் திட்டம் பற்றி ஒரு வழக்கு வந்தது. உடல் முடியாமல் வேலைக்கு வராதவர்களுக்குப் பணம் தரும் திட்டம். சாதாரணப் பேறுகாலம் அதில் விலக்கப்பட்டிருந்தது. இது பால் பாகுபாடு அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. திட்டம் மனிதர்களை ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. கர்ப்பிணிகள், கர்ப்பிணி அல்லாதவர்கள் என்றே பிரிக்கிறது. இரண்டாவது வகுப்பில் ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள் என்பது தர்க்கம். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. இதைப் படிக்கும்போது வரும் திகைப்பு, தர்க்கம் தவறாமலேயே உண்மை தவறிப்போக முடியும் என்பதைக் காண்பதால் வருவது. 1976இல் ஜெனரல் எலெக்ட்ரிக் வழக்கிலும் அதே தர்க்கம் செல்லுபடியாயிற்று. 1978இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டுத்தான், கர்ப்பத்தை வைத்துப் பாகுபடுத்துவதும் பால் பாகுபாடே என்று எழுத வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1981இன் நர்கேஷ் மீர்ஸா வழக்கு. ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண் 35 வயதில் ஓய்வுபெற வேண்டும். சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போகும். முதல் கர்ப்பத்தோடு வேலை போகும். அதே விமானத்தில் அதே தட்டை நீட்டும் ஆணுக்கு 58 வயது வரை வேலை. பணிப்பெண்களும் ஆண் ஊழியர்களும் தனித்தனி வகுப்பு, சேர்க்கும் முறை வேறு, பதவி உயர்வு வழி வேறு, ஆகவே ஒப்பிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். முதல் கர்ப்பத்தோடு வேலை பறிக்கும் விதியைக் கடுமையான வார்த்தைகளில் ரத்துசெய்த அதே தீர்ப்பு, நாலு வருஷக் கல்யாணத் தடையை நியாயமானது என்று விட்டுவைத்தது. அந்த வயதில் கல்யாணம் பண்ணிக்கொண்டால் பக்குவம் போதாது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் தடை நல்லது என்ற ரீதியில் காரணங்கள். மறுபடியும் கரிசனம்.

இரு வகுப்புகளையும் வேறுவேறாகச் சேர்த்தது யார்? அதே கம்பெனி. தான் முதலில் போட்ட கோட்டை, தான் பின்னால் செய்வதற்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறது. வேறாக நடத்தினோம், ஆகவே வேறானவர்கள். வேறானவர்கள், ஆகவே வேறாக நடத்தலாம். நமது சமூகத்துக்கு இந்த வட்டம் புதிதல்ல. சாதி இதே வட்டத்தில்தான் சுற்றிவந்திருக்கிறது.

4

‘எல்லாம் சரி, ஆனால் நிஜம் என்று ஒன்று இருக்கிறதே’ என்று ஒரு கெட்டிக்கார நிர்வாகி சொல்லக்கூடும். பெண்கள் கல்யாணமானால் விடுப்பு எடுக்கிறார்கள். குழந்தை பிறந்தால் சிலர் நின்றுவிடுகிறார்கள். புள்ளிக்கணக்கைப் பார்த்து முடிவெடுப்பது துவேஷமா? இதுதான் அவர்கள் தரப்பில் பலமான வாதம். இதைச் சந்திக்காமல் பெண்ணுரிமை பேசுவது சுலபம், பிரயோஜனமில்லை.

பொருளாதார நிபுணர் எட்மண்ட் பெல்ப்ஸ் 1972இல் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவமே கொடுத்தார். எதிரே நிற்பவரைப் பற்றி முழுவதும் அறிய முடியாத முதலாளி, அவர் சார்ந்த கூட்டத்தின் சராசரியைக் கொண்டு அவரைக் கணிக்கிறார். வெறுப்பு இல்லாமலேயே பாகுபாடு விளைகிறது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாக ஒரு செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக விடுப்பு என்று ஆளெடுக்கும் முகவர்களும் முன்னாள் நிர்வாகிகளும் காரணம் சொன்னதாகச் செய்தி சொன்னது. கம்பெனி மறுத்தது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வேலைக்கு எடுப்பதில் பெண்ணைப் பாகுபடுத்தக் கூடாது என்று 1976இன் சம ஊதியச் சட்டம் எப்போதோ சொல்லியாயிற்று. தாலி கட்டியிருக்கிறதா என்பது ஒரு பெண்ணின் கைவேகத்தைப் பற்றி எதையும் சொல்லாது. ஆனால் சராசரிக்கு அது போதும்.

சராசரி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதை வைத்து ஒருத்தியைத் தீர்மானிப்பது ஏன் தவறு? அவள் தனி மனுஷி, சராசரி அல்ல என்பது வழக்கமான பதில். சரியான பதில்தான், ஆனால் போதாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி நம் எல்லாரையும் சராசரியாகத்தான் பார்க்கிறது; நாம் கோபப்படுவதில்லை. என் பதில் வேறு: இங்கே சராசரி, விதிக்கு முன்னால் இருக்கும் இயற்கை உண்மை அல்ல. விதியே அதை உண்டாக்குகிறது.

என் கிளையில் ஒரு பெண்மணி இருக்கிறார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். சாயங்காலம் கணக்கு நேராகவில்லை என்றால் அதிகாரி எழுந்து அவர் மேஜைக்குத்தான் வருகிறார். அதிகாரியாகப் பதவி உயர்வுக்கு இரண்டு முறை சந்தர்ப்பம் வந்தும் அவர் ஒதுங்கிக்கொண்டார். பதவி உயர்வு என்றால் வெளி மாநிலத்துக்கு மாற்றல். “ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணையும் படுத்த படுக்கையா இருக்கிற மாமியாரையும் யார்கிட்ட விட்டுட்டு நான் பிலாஸ்பூர் போறது, சார்?” என்றார். அவருடைய கோப்பில் இது எதுவும் ஏறாது. ஏறுவது ஒரு வரிதான்: பதவி உயர்வில் விருப்பமில்லை. அதே வருஷம் போன ஆண் நண்பரும் பெண்ணையும் தாயாரையும் விட்டுவிட்டுத்தான் போனார். தன் மனைவியிடம் விட்டுவிட்டுப் போனார். அவர் கோப்பில் அந்த மனைவிக்கு இடமில்லை. இருப்பது ‘எங்கும் செல்லத் தயார்’ என்ற அவருடைய குணம். இப்படி ஆயிரம் கோப்புகளைக் கூட்டினால், பெண்கள் பொறுப்பை விரும்புவதில்லை என்று ஒரு விஞ்ஞானபூர்வமான முடிவு கிடைக்கும்.

மாற்றல் விதியைச் சரிசெய்ய அரசு யோசிக்காமல் இல்லை. 2014இல் நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியது: மணமான பெண் ஊழியரைக் கணவர் இருக்கும் இடத்துக்கு அருகிலும், மணமாகாதவரைப் பெற்றோர் இருக்கும் இடத்துக்கு அருகிலும் நியமிக்க முயல வேண்டும். பலருக்கு இது நிஜமான நிவாரணம். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் விதி எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்று பார்க்க வேண்டும். பெண் யாருக்கோ அருகில் இருக்க வேண்டியவள் என்பதை அது ஏற்றுக்கொண்டது. பதவிக்கு விலை இடப்பெயர்ச்சி என்பதைத் தொடவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் தாயாருக்கு அருகில் ஆணும் இருக்க வேண்டியிருக்கலாம் என்பது அதற்குத் தோன்றவில்லை.

பேறுகால விடுப்பும் இப்படித்தான். 1961இன் சட்டம் 12 வாரம் தந்தது. 2017இன் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே எடுத்துக்கொண்டது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வருகிறவருக்குக் கழகம் பணம் தருகிறது. மற்ற இடங்களில் முழுச் சம்பளமும் அந்தந்த முதலாளியின் பொறுப்பு. தகப்பனைப் பற்றி 2017இன் திருத்தம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டம் விடுப்பைப் பெண்ணுக்கு மட்டும் கொடுத்து, செலவை அவளை வேலைக்கு எடுத்தவர் தலையில் மட்டும் வைத்தால், ஒவ்வொரு இளம்பெண்ணின் விண்ணப்பத்தின் ஓரத்திலும் ஒரு தொகை பென்சிலால் எழுதப்பட்டுவிடுகிறது. சமூகம் முழுவதற்கும் பிறக்கிற குழந்தையின் செலவு ஒரு பெண்ணின் சொந்த விருப்பத்தின் செலவாகக் கணக்காகிறது.

இயந்திரம் இந்த வட்டத்திலிருந்து மீட்கும் என்ற நம்பிக்கை ஒன்று இருந்தது. அமேசான் கம்பெனி, பத்து வருஷ விண்ணப்பங்களைப் படிக்கவைத்து, ஆளெடுக்க ஒரு கம்ப்யூட்டர் நிரலைப் பரீட்சித்தது. ‘பெண்கள் சதுரங்கக் குழு’ என்பது போலப் பெண்கள் என்ற சொல் வந்த விண்ணப்பங்களுக்கு அது மதிப்பெண் குறைத்தது என்றும், அந்த முயற்சி கைவிடப்பட்டது என்றும் 2018இல் செய்தி வந்தது. நிரலுக்கு ஆண் பெண் தெரியாது, வெறுப்பும் கிடையாது. பழைய கோப்புகளை நன்றாகப் படித்தது, அவ்வளவே. யாருமற்றவரின் ஆட்சி இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் நடந்ததில்லை.

5

இனி, பதில் சொல்கிறவள் பக்கம் வரலாம்.

ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளர் வேலையில் 1989இல் ஒரு பெண் தகுதிகாண் பருவத்தில் சேர்ந்தார். சேருமுன் ஒரு உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மாதவிலக்கு ஒழுங்காக, வலியில்லாமல் வருகிறதா? எத்தனை முறை கருத்தரித்தாய்? எத்தனை முழுப் பிரசவம்? கருச்சிதைவு உண்டா? கடைசியாக மாதவிலக்கான தேதி என்ன? இப்போது கர்ப்பமா? 1990 ஜனவரியில் அவருக்குக் குழந்தை பிறந்தது. பேறுகால விடுப்பில் இருக்கும்போதே பிப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். படிவத்தில் பொய்த் தகவல் கொடுத்தார், கர்ப்பத்தை மறைத்தார் என்பது கழகத்தின் வாதம். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுக்கச் சொன்னது.

அவர் வேண்டுமென்றே மறைத்தாரா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. மறைத்தார் என்றே வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். அது பொய்யா? தார்மீகத் தத்துவத்தில் இந்தக் கேள்வி பழையது. 1797இல் கான்ட் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இதைப் பற்றியது. கொலைகாரன் வாசலில் வந்து, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால் பொய் சொல்லலாமா? உண்மைக்கு உரிமை உள்ளவனுக்குத்தான் உண்மை சொல்லும் கடமை உண்டு என்றார் பெஞ்சமின் கான்ஸ்டன்ட். இல்லை, கொலைகாரனிடமும் பொய் கூடாது என்றார் கான்ட். உண்மை, கேட்பவனுக்கு மட்டும் செலுத்தும் கடன் அல்ல, மனித குலத்துக்கே செலுத்தும் கடன். பொய் சொன்னால் வாக்கு என்பதன் நம்பகமே ஆட்டம் காண்கிறது என்பது அவர் தரப்பு.

கான்ட்டின் கடுமையில் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. ஆனால் அவர் வாசலில் ஒரு ஆள் நிற்கிறான். நம் வாசலில் நிற்பது ஒரு படிவம். அதன் கேள்விகளை நிஜமான கேள்விகள் என்றே சொல்ல முடியாது. கேள்வி என்பது பதிலுக்காகக் காத்திருப்பது. கர்ப்பமா என்று கேட்டு, ஆம் என்றால் வேலை இல்லை, இல்லை என்று சொல்லிப் பிறகு தெரிந்தால் பொய்க்காக வேலை இல்லை என்று இரு பக்கமும் ஒரே முடிவை வைத்திருப்பது கண்ணி. கண்ணியில் கால் வைக்காமல் சுற்றிப் போகிறவள் யாருடைய நம்பிக்கையையும் குலைக்கவில்லை. வாக்கின் நம்பகத்தைக் குலைத்தது, கேள்வியின் உருவத்தைக் கண்ணிக்குக் கொடுத்தவர்தான். பதிலின் உண்மை பொய்யைவிட, இப்படி ஒரு உறுதிமொழியைக் கேட்டதில்தான் கேடு இருக்கிறது என்ற திசையில் நீதிமன்றம் பார்வையைத் திருப்பியது. சட்டத்துக்கு மட்டுமல்ல, தத்துவத்துக்கும் அது ஒரு நல்ல திருப்பம்.

இப்படிப்பட்ட படிவத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் சி. பி. முத்தம்மா. குடகில் பிறந்து, சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்து, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வேன் என்று அவரிடம் எழுதி வாங்கினார்கள். 1961இன் பணி விதிகளும், பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன் அரசின் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்ய வேண்டும் என்றன. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். ஆனால் மனு தள்ளுபடியாயிற்று. ஏனெனில் வழக்கு நடக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. விதி ஆட்டம் காணும்போது ஸ்தாபனம் முதலில் செய்வது, எதிரே நிற்கும் ஒருவரைச் சமாதானப்படுத்துவது. குறை தீர்ந்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும் என்பது அதன் எதிர்பார்ப்பு.

படிவங்கள் இப்போது நாகரிகமாகிவிட்டன. அந்தக் கேள்விகள் தாளை விட்டு நேர்முக அறையின் பேச்சுக்குப் போய்விட்டன. “கல்யாணம் எப்போ?” என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். தாளில் இருந்தபோது ஒரு பெண்ணால் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. சிரிப்பை எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது?

6

இந்தப் பக்கங்களில் இந்த விஷயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். என் அபிப்பிராயத்தில் நமக்குத்தான் இதில் நேரடிச் சம்பந்தம்.

தமிழில் சிறுபத்திரிகை நடத்தியவர்களும் எழுதியவர்களும் பெரும்பாலும் குமாஸ்தாக்கள். வங்கி, தபால், தந்தி, இன்ஷூரன்ஸ், அரசுக் காரியாலயம். காரியாலயத்தை நாம் நவீன மனிதனின் அந்நியமாதலுக்குப் படிமமாக எழுதினோம். கோப்பு, மேஜை, மின்விசிறி, பெயரற்ற மேலதிகாரி - இவற்றுக்கு நடுவே நசுங்கும் ஒரு மனம். அந்த மனிதன் எப்போதும் ஆணாக இருந்தான் என்பது தற்செயல் அல்ல. அவன் நசுங்கிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பியபோது காப்பி போட்டவளுக்கும் பகலில் ஒரு காரியாலயம் இருந்திருக்கக்கூடும் என்று நம் படிமத்துக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அந்நியமாவதற்குக்கூட நேரமில்லை.

மெல்வில்லின் பார்ட்டில்பி கதையை நம்மில் பலர் கொண்டாடியிருக்கிறோம். 1853இல் எழுதப்பட்டது, நகலெடுக்கும் குமாஸ்தா ஒருவன் எந்த வேலை சொன்னாலும் மரியாதையாக மறுத்துவிடுகிறான். அந்த மறுப்பில் இருப்பின் ஆழத்தைக் கண்டோம், விளக்கம் எழுதினோம். பதவி உயர்வு வேண்டாம் என்று சொன்ன என் கிளைப் பெண்மணியின் மறுப்பும் மறுப்புத்தான். அவனுடையதற்குத் தத்துவ மதிப்பு வந்தது. அவருடையது ஒரு கோப்பில் குறைந்த லட்சியமாக வரவு வைக்கப்பட்டது. இந்த வித்தியாசத்தைச் செய்தது மனிதவளத் துறை மட்டும் அல்ல, நம் வாசிப்பும்தான்.

காஃப்காவை நாம் கோப்புகளின் பலியாடாகவே படித்துப் பழகியிருக்கிறோம். 1908 முதல் 1922 வரை அவர் பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். அங்கே பலியாடாக மட்டும் இருக்கவில்லை. மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி அவர் எழுதிய ஒரு காரியாலய அறிக்கை இருக்கிறது. சதுரத் தண்டு வைத்த இயந்திரங்களில் கத்திக்கும் மேஜைக்கும் நடுவே இடைவெளி அதிகம். மரத்தைத் தள்ளும் கை வழுக்கினால் விரல் உள்ளே போய்விடும். கவனமாக இருப்பவனுக்கும் போகும். உருளைத் தண்டு வைத்தால் விரல் பிழைக்கும், செலவும் அதிகமில்லை. படங்களோடு, நிதானமாக, ஒரு குமாஸ்தாவின் மொழியில் எழுதியிருக்கிறார்.

நீளமான விரல் உள்ளவர்களை வேலைக்கு எடுக்காதீர்கள் என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் புள்ளிக்கணக்கு அவர் பக்கம் இருந்திருக்கும், விபத்துகள் குறைந்திருக்கும், விரல்மேல் உள்ள கரிசனம் என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஸ்டேட் வங்கியின் சுற்றறிக்கையும், ஏர் இந்தியாவின் கல்யாணத் தடையும், ஆயுள் காப்பீட்டுப் படிவமும் அப்படி எழுதப்பட்டவை. வேலைநாளின் நீளம், மாற்றலின் தூரம், பதவியின் ஏணி ஆகிய தண்டுகள் ஒரு காலத்தில், வீட்டில் மனைவி இருக்கும் ஆணின் கை அளவுக்குச் செய்யப்பட்டவை. அந்த அளவு யாருக்கும் அளவாகத் தெரிவதில்லை. இயந்திரம் இயற்கையாகிவிட்டது, விரல்தான் நீண்டுவிட்டது.

ஆரம்பத்தில் கேட்டதற்கு என் பதில் இது. அநீதி எழுதியவரின் நெஞ்சில் இருக்க வேண்டிய அவசியமில்லை. எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது என்ற தேர்வில் அது இருக்கிறது. ஆளை அளந்து வேலையை அளக்காமல் விடுகிற எந்தப் படிவமும், எவ்வளவு மரியாதையான மொழியில் எழுதப்பட்டாலும், எழுதுமுன்பே பாரபட்சத்தைச் செய்து முடித்துவிட்டது. யாருமற்றவர் என்று சொல்லி இதிலிருந்து யாரும் தப்ப முடியாது. படிவத்தை யாரோ ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்கிறான், யாரோ ஒரு குமாஸ்தா அதை நிரப்பிக் கொடுக்கச் சொல்லி மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நீட்டுகிறான். அவனுக்கு வாக்கியங்களைப் பற்றித் தெரிந்திருந்தால், ‘கருதப்படுவார்’ என்ற சொல்லில் நிறுத்தி, யாரால் என்று ஓரத்தில் எழுதி மேலே அனுப்பலாம். கோப்பு திரும்பி வரும். மறுபடியும் அனுப்ப வேண்டியிருக்கும்.